பார்வதிப் பள்ளத்தாக்கு: வெந்நீர் ஊற்று, மலைநடை, சிகரம் மூன்றையும் ஒரே பயணத்தில் சேர்க்கலாமா?

கேள்வி — நொய்யல்

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபர் மாதத் தொடக்கத்தில் நாங்கள் நான்கு பேர் கோயம்புத்தூரிலிருந்து இமாசலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்திலுள்ள பார்வதிப் பள்ளத்தாக்குக்குச் செல்வதாக இருக்கிறோம். எங்கள் விருப்பங்கள் ஒன்றோடொன்று பொருந்துமா என்பதில் தெளிவு இல்லாததால் இங்கே கேட்கிறேன்.

அம்மாவுக்கு அறுபது வயது. முழங்கால் வலி உண்டு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். மணிகரண் வெந்நீர் ஊற்றில் நீராட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எனக்கும் என் கணவருக்கும் கீர்கங்கா வரை நடந்து செல்ல வேண்டும்; இயன்றால் அதையும் தாண்டி, 'பின் பார்வதி' என்னும் பெயருடைய கணவாய் வழியாக, மலைக்கு அப்பாலுள்ள ஸ்பிதிப் பக்கம் இறங்க வேண்டும் என்றும் ஓர் எண்ணம் இருக்கிறது. தம்பி இப்போதுதான் கல்லூரி முடித்தவன். ஆண்டுதோறும் வெள்ளியங்கிரி ஏழு மலையையும் ஏறி இறங்குகிறவன் என்பதால் உடல் வலுவில் குறை சொல்ல முடியாது. "முன் அனுபவம் தேவையில்லை" என்று ஒரு நிறுவனம் செய்திருந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, மணாலிக்கு அருகிலுள்ள ஃபிரண்ட்ஷிப் சிகரத்தில் ஏறியே தீருவேன் என்கிறான்.

எங்களுக்குக் கிடைக்கும் விடுப்பு இரண்டு வாரம்தான். ரயில் பயணமும் அதற்குள்ளேயே அடக்கம். எதை முதலில் வைப்பது, எதை விடுவது, அம்மாவின் உடல்நிலைக்கு அந்த உயரமும் அந்த வெந்நீரும் ஒத்துக்கொள்ளுமா என்பதை அப்பகுதியை அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி — தேவதாரு

வணக்கம். உங்கள் அம்மாவின் ஆசையைத்தான் இந்தப் பயணத்தின் முதல் படியாக வைக்க வேண்டும் என்பேன். அவருக்கு வசதி என்பதற்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை. மலை ஏறப் போகிற உங்கள் உடலுக்கும் அதுவே சரியான வரிசை.

உயரங்களை நம் ஊர் அளவில் வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். மணிகரண் ஏறத்தாழ 1,760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலம் 2,240 மீட்டர். ஊட்டிக்குப் போய் எந்தத் தொல்லையும் இல்லாமல் திரும்புகிற ஒருவருக்கு மணிகரணின் உயரம் சிக்கலாக இராது. மணாலிகூட ஊட்டியைவிடச் சற்றுத் தாழ்வுதான். ஆனால் கீர்கங்கா ஏறத்தாழ 2,950 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த ஆனைமுடியே 2,695 மீட்டர்தான் என்பதால், நீங்கள் இருவரும் இதுவரை தெற்கில் ஏறிய எந்த மலையைவிடவும் கீர்கங்கா உயரமானது. நீங்கள் நினைக்கும் பின் பார்வதி கணவாய் 5,319 மீட்டர். ஆனைமுடியைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு.

கோவையிலிருந்து தில்லிக்கு ரயில், தில்லி காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்திலிருந்து இரவுப் பேருந்து என்று போகவரக் கணக்கிட்டால், உங்கள் கையில் எஞ்சுவது எட்டு ஒன்பது நாள்தான். மணாலிப் பேருந்தில் ஏறி, பியாஸ் ஆறும் பார்வதி ஆறும் கூடுகிற புந்தரில் இறங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து மணிகரண் சுமார் 35 கிலோமீட்டர். உள்ளூர்ப் பேருந்தும் வாடகைக் காரும் கிடைக்கும். முதல் இரண்டு இரவுகளை மணிகரணிலோ காசோலிலோ கழியுங்கள். பயணக் களைப்பு தீர அது போதும்.

பின்னர் பர்ஷைணி என்னும் ஊர் வரை வண்டியில் சென்று, கல்கா அல்லது தோஷ் கிராமத்தில் ஓரிரவு தங்குங்கள். இரண்டும் சுமார் 2,300, 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மறுநாள் கீர்கங்கா ஏறும்போது உடல் திணறாது. பர்ஷைணியிலிருந்து கீர்கங்காவுக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். நடுத்தர நடைக்கு ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். நக்தான் கிராமத்தின் வழியாகச் செல்லும் பாதையையே தேர்ந்தெடுங்கள். அது ஊர்க்காரர்களின் வழி; வழியில் வீடுகளும் தேநீர்க் கடைகளும் உண்டு; ருத்ரநாக் என்னும் அருவியையும் அதன் அருகிலுள்ள சிறு கோயிலையும் கடந்து செல்லும். கல்காவிலிருந்து காட்டுக்குள் செல்லும் மற்றொரு பாதை நிழலும் அழகும் நிறைந்தது என்றாலும், ஆங்காங்கே கிளை பிரிந்து குழப்பும். இந்தப் பள்ளத்தாக்கில் தனியாக நடந்து சென்றவர்கள் காணாமற்போன சம்பவங்கள் 1990-கள் முதல் பலமுறை நிகழ்ந்திருக்கின்றன. ஆகவே தனியாகப் போவதும், இருட்டிய பின் நடப்பதும், படம் எடுப்பதற்காக ஆற்றங்கரைப் பாறைகளில் இறங்குவதும் அறவே கூடாது. ஈரப்பாறையில் கால் வழுக்கினால் பார்வதி ஆற்றின் வேகத்திலிருந்து நீந்தித் தப்ப முடியாது.

ஒரு செய்தியை நம் வாசகர்களுக்காகச் சொல்ல விரும்புகிறேன். சிவபெருமானின் மகன் கார்த்திகேயன் தவம் செய்த இடம் கீர்கங்கா என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. பார்வதி தேவி தன் பிள்ளைக்காகக் 'கீர்' என்னும் பாற்சோற்றை ஊற்றாகப் பெருகவிட்டாள் என்று அவர்கள் சொல்கிறார்கள். வெண்ணிறப் படிவம் ஏறிய பாறைகளின்மேல் அங்குள்ள ஊற்றின் வெந்நீர் வழிவதைக் கண்டால் அந்தக் கதை பிறந்த விதம் தானே விளங்கும். குன்றுதோறாடும் குமரனை வணங்கும் நமக்கு வடகோடி மலை ஒன்றில் இப்படி ஓர் ஊற்று இருப்பது தனி நிறைவைத் தருகிறது.

கீர்கங்காவில் தங்குவது பற்றி முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். புல்வெளி முழுவதும் கூடாரங்களும் குப்பையும் பெருகியதால் 2018-இல் வனத்துறை அவற்றை அகற்றியது. அதன்பின் விதிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. பழைய பதிவுகளை நம்பாமல், பர்ஷைணியிலோ காசோலிலோ அந்தப் பருவத்தின் நிலவரத்தைக் கேட்டறிந்து செல்லுங்கள். மேலே தங்க அனுமதி இல்லையென்றால், நக்தானில் தங்கி விடியற்காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பலாம்.

பின் பார்வதி கணவாயை இந்த முறை விட்டுவிடுங்கள். பர்ஷைணியில் தொடங்கி, கீர்கங்கா, துண்டா புஜ், பாண்டு புல், மான்தலாய் ஏரி என்று மேலேறி, பனியாற்றைக் கடந்து ஸ்பிதியின் முத் கிராமத்தில் இறங்குகிற அந்தப் பாதை, 100 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டது. உங்களிடம் மிஞ்சும் நாட்கள் முழுவதையும் அது ஒன்றே விழுங்கிவிடும். பனியாற்றில் பனி மூடி மறைத்த பிளவுகள் உண்டு; கயிறு கட்டி நடக்கத் தெரிந்த குழு வேண்டும். அக்டோபரில் ஒரு பனிப்பொழிவு வந்தாலே வழி அடைபடும். அதற்கு மாறாக, கீர்கங்காவிலிருந்து இறங்கியபின் மணாலி சென்று, சோலாங் பள்ளத்தாக்கின் மேல் பியாஸ் குண்டம் வரை நடந்து வாருங்கள். சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், பனியாறுகளின் காலடியில் இருக்கும் அந்தச் சிறு நீர்நிலையைத்தான் பியாஸ் ஆற்றின் பிறப்பிடம் என்கிறார்கள். தம்பி ஏற விரும்பும் சிகரத்தையும் அங்கிருந்தே அருகில் பார்க்கலாம்.

உங்கள் தேதிகளில் விஜயதசமி வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். மற்ற ஊர்களில் தசரா முடிகிற அந்த நாளில்தான் குலு தசரா தொடங்கி ஒரு வாரம் நடக்கும். மலைக் கிராமங்களின் தெய்வங்கள் எல்லாம் பல்லக்குகளில் தால்பூர் மைதானத்துக்கு எழுந்தருளும் காட்சியை அம்மா பார்க்க வேண்டும். ஆனால் அறைகளை முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

மறுமொழி — பனிக்கோடரி

தம்பியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்த ஆர்வத்தை அணைத்துவிடாதீர்கள். ஆனால் அந்த விளம்பரத்தை நம்பி அனுப்பாதீர்கள்.

ஃபிரண்ட்ஷிப் சிகரத்தின் உயரம் 5,289 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். வெள்ளியங்கிரி ஏறுவது காலுக்கும் நெஞ்சுக்கும் நல்ல பயிற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் அது 2,000 மீட்டருக்கும் தாழ்ந்த மலை. உயரம் உடலை என்ன செய்யும் என்பதை அது சொல்லித் தராது. வலுவான இளைஞர்கள்தாம் பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். கால்கள் வேகமாகக் கொண்டுபோய்விடுகின்றன. உடலுக்குள் நடக்க வேண்டிய மாற்றம் அந்த வேகத்தில் நடப்பதில்லை.

3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தூங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் தங்கி ஓய்வெடுக்க வேண்டும். மலை மருத்துவம் வகுத்த விதி இது. தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால் மேலே ஓர் அடியும் வைக்கக் கூடாது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் சேர்கிறது என்றும், நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால் மூளையில் வீக்கம் என்றும் கொண்டு, அது நள்ளிரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும். அசிட்டசோலமைடு மாத்திரை உடல் பழகுவதற்கு உதவும். மேலே ஏறிக்கொண்டே போவதற்கான உரிமச்சீட்டு அன்று. சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

அடுத்தது நுட்பம். உச்சியை நோக்கி நள்ளிரவு கடந்து ஒன்று, இரண்டு மணிக்குப் புறப்படுவார்கள். இரவுக் குளிரில் பனி இறுகியிருக்கும். வெயில் ஏறியபின் அது இளகி, கால்களை உள்ளிழுக்கும், கற்களை உருளவிடும், சில வேளை மொத்தமாகவே சரிந்து இறங்கும். அந்த இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், காலணியில் முள்தகடு பூட்டிக்கொண்டு செங்குத்தான பனிச்சரிவில் நடக்க வேண்டும். வழுக்கி விழுந்தால் என்ன செய்வது என்பதை யோசிக்க அங்கே நேரம் இருக்காது. குப்புறப் புரண்டு, பனிக்கோடரியின் கூர்முனையைத் தோளுக்கு அருகே பனியில் அழுத்தி, உடல் எடை முழுவதையும் அதன்மேல் சாய்த்து, சறுக்கலை நிறுத்த வேண்டும். முள்தகடு போட்டிருந்தால் முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தூக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முள் பனியில் சிக்கிக் கணுக்காலை முறித்துவிடும். ஒரு பிற்பகலில் காட்டிக்கொடுத்தால் கை பழகிவிடுகிற செயலன்று இது. சறுக்கினாலும் கீழே தானாக நின்றுவிடக்கூடிய பாதுகாப்பான சரிவில், ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்க, தலைகீழாகவும் பக்கவாட்டிலும் வேண்டுமென்றே விழுந்து, நூறு முறை செய்து பழக வேண்டியது. அக்டோபரில் பழைய பனி கரைந்து, கெட்டிப் பனிக்கட்டியும் தளர்ந்த கற்களும் வெளிப்பட்டிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு என் பரிந்துரை, மணாலியிலேயே 1961 முதல் இயங்கிவரும் அரசு மலையேற்ற நிறுவனத்தின் அடிப்படைப் பயிற்சி. இப்போது அதன் பெயர் அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்ற மற்றும் சார்பு விளையாட்டுகள் நிறுவனம். டார்ஜிலிங்கிலும் உத்தரகாசியிலும் இதே போன்ற அரசு நிறுவனங்கள் உண்டு. சுமார் நான்கு வாரம் நடக்கும் அந்தப் பயிற்சியில் பாறை, பனி, பனிக்கட்டி மூன்றிலும் ஏறவும் கயிறு கையாளவும் கற்றுத் தருவார்கள். உயரத்துக்கு உடலைப் பழக்குவார்கள். கருவிகளையும் அவர்களே தருவார்கள். ஒரு தனியார் நிறுவனம் ஒரு வாரச் சிகரப் பயணத்துக்கு வாங்கும் தொகையோடு ஒப்பிட்டால், கிடைக்கும் கல்விக்குக் கட்டணம் மிகக் குறைவு. அதில் 'ஏ' தரம் பெற்றால் உயர்நிலைப் பயிற்சிக்குத் தகுதி கிடைக்கும். அதன்பின் ஃபிரண்ட்ஷிப் என்ன, 6,001 மீட்டர் உயரமுள்ள தேவ் திப்பாவையே அவன் கனவு காணலாம். இடங்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடுவதால் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

எத்தனை சொல்லியும் அந்த நிறுவனத்தோடுதான் போவேன் என்று அவன் நின்றால், ஒரு கயிற்றில் எத்தனை பேர், வழிகாட்டி எங்கே பயிற்சி பெற்றவர், வானிலை கெட்டால் காத்திருக்க உபரி நாள் உண்டா, ஒருவருக்கு உடல்நலம் கெட்டால் அவரோடு கீழே இறங்குவது யார் என்று எழுத்தில் கேளுங்கள். நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம். காப்பீடு எடுக்கும்போதும் விதிமுறைகளைப் படியுங்கள். கயிறும் கோடரியும் பயன்படும் மலையேற்றத்தைப் பல பயணக் காப்பீடுகள் ஏற்பதில்லை.

மறுமொழி — நிலவியல் வாசகி

மேலே இருவரும் மலையைப் பற்றி எழுதிவிட்டதால், அம்மாவுக்காக ஊற்றைப் பற்றி எழுதுகிறேன்.

மணிகரணில் எரிமலை எதுவும் இல்லை. மேலே பெய்யும் மழையும் உருகும் பனியும் பாறைப் பிளவுகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தால் சூடேறி, வேறு பிளவுகளின் வழியே மேலெழுந்து, பள்ளத்தாக்கின் தாழ்வான விளிம்பில் வெளிவருகின்றன. ஆற்றங்கரையை ஒட்டியே ஊற்றுகள் வரிசையாக இருப்பதற்கு அதுதான் காரணம். இந்திய நிலவியல் ஆய்வகம் இந்த வெப்பத்தைக் கொண்டு சிறு அளவில் மின்சாரம் எடுக்கவும், குளிர்பதனக் கிடங்கு இயக்கவும் இங்கே சோதனை செய்திருக்கிறது.

ஊற்றுக்கண்ணில் நீரின் வெப்பம் 90 பாகை செல்சியஸைத் தாண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே சுமார் 94 பாகையில்தான் என்பதால், அதைக் கொதிநீர் என்றே கருத வேண்டும். அங்குள்ள சீக்கியர் கோயிலான குருத்வாராவின் பொது அன்னக்கூடத்துக்கான சோறு பெரிய பாத்திரங்களில் அந்த ஊற்றிலேயே வேகிறது. யாத்திரிகர்கள் சிறு துணிப்பைகளில் அரிசியையும் கொண்டைக்கடலையையும் கட்டி, நூலைப் பிடித்தபடி நீருக்குள் தொங்கவிட்டு நிற்பார்கள். குருநானக் இங்கு வந்தபோது அவருடைய சீடர் மர்தானா இட்ட ரொட்டிகள் முதலில் மூழ்கி, பின்பு வெந்து மிதந்தன என்பது சீக்கியர்களின் மரபு. பார்வதியின் காதணி நீரில் விழுந்ததும், ஆதிசேடன் சீறியதால் நீர் கொதித்ததும் இந்துக்களின் மரபு. இரு சமயத்தாரும் ஒரே ஊற்றின் கரையில் வழிபடுகிறார்கள்.

அம்மா நீராட வேண்டியது இந்தக் கொதிகுண்டத்தில் அன்று. குளிர்ந்த நீர் கலந்து பதமாக்கிய குளியல் தொட்டிகளில். பெண்களுக்குத் தனி இடம் உண்டு. குண்டத்தின் ஓரத்தை நீராவி மறைத்துவிடும், தரையும் வழுக்கும். கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் என்பதால் இதைக் கவனியுங்கள். சூடான நீரில் ரத்த நாளங்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். மாத்திரையின் விளைவும் சேரும்போது, சட்டென்று எழுந்தால் கண் இருண்டு விழ நேரிடும். எனவே புறப்படும் முன் அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பயணம் முடிந்து இறங்கியவுடனோ வெறும் வயிற்றிலோ நீராட வேண்டாம். முதலில் கால்களை மட்டும் நனைத்து, பிறகு இடுப்பளவு இறங்கி, பத்து நிமிடத்தில் மெல்ல எழுந்து, சிறிது நேரம் உட்கார்ந்த பின் நடக்கட்டும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். முழங்கால் விறைப்பு சில மணி நேரம் தளரும். அந்தச் சுகம் உண்மையானது. மூட்டு நோயையே தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பி மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

மணாலிக்குச் செல்லும்போது, அருகிலுள்ள வசிஷ்ட் கிராமத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். பழைய மரவேலைப்பாடுள்ள வசிஷ்டர் கோயிலை ஒட்டி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கல்தொட்டிகள் இருக்கின்றன. கந்தக வாடை வீசும். எந்த ஊற்றிலும் சோப்பும் ஷாம்பூவும் பயன்படுத்தாதீர்கள். அந்த நீர் அப்படியே ஆற்றில்தான் சேர்கிறது.

நொய்யல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பின் பார்வதியை விட்டுவிட்டோம். தம்பி நேற்றிரவு முழுவதும் இந்த மறுமொழிகளைப் படித்துவிட்டு, பயிற்சிக்கு விண்ணப்பம் தேடத் தொடங்கியிருக்கிறான். இம்முறை பியாஸ் குண்டம் வரை எங்களோடு வருவான். நாங்கள் கீர்கங்கா சென்று திரும்பும் வரை அம்மாவை மணிகரணில் தனியே விடலாமா என்பதே எஞ்சியிருக்கும் கேள்வி. அவருக்கு இந்தி தெரியாது. சைவ உணவுதான் சாப்பிடுவார்.

மறுமொழி — தேவதாரு

உணவுக்குக் கவலையில்லை. குருத்வாராவில் எல்லோருக்கும் சைவ உணவு கிடைக்கும். தலையை மூடிக்கொண்டு, காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றால் போதும், மொழி தெரியாதவர்களையும் அன்போடு உட்காரவைத்துப் பரிமாறுவார்கள். ஆனாலும் அவரைத் தனியே விடாதீர்கள். பர்ஷைணியைத் தாண்டினால் கைபேசித் தொடர்பை நம்ப முடியாது. இரண்டு நாள் உங்கள் குரல் கேட்காமல் அவர் இருக்க வேண்டிவரும். தம்பி அவரோடு தங்கட்டும். கீர்கங்காவுக்குப் போகாததால் அவனுக்கு இழப்பில்லை. பியாஸ் குண்டம் நடைக்கு நாட்கள் இருக்கின்றன.

புறப்படும் வாரத்தில் சாலை நிலவரத்தைப் பாருங்கள். 2023 ஜூலை வெள்ளத்தில் குலு, மணாலி நெடுஞ்சாலை பல இடங்களில் ஆற்றோடு போனது. அதன்பின் வந்த மழைக்காலங்களிலும் சேதம் தொடர்ந்திருக்கிறது. அக்டோபரில் வானம் தெளிந்துவிடும் என்றாலும், திரும்பும் ரயிலுக்கு முன் தில்லியில் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். கீர்கங்காவில் இரவுக் குளிர் உறைநிலையை நெருங்கும். பருத்தி உடை நனைந்தால் காயாது, கம்பளியோ செயற்கை இழையோ எடுத்துச் செல்லுங்கள். இறங்கும் நாளில் காலை உணவு முடித்ததும் கிளம்பிவிடுங்கள். பள்ளத்தாக்கு ஆழமானது என்பதால் வெயில் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும், பர்ஷைணியிலிருந்து மணிகரணுக்கான பேருந்துகளும் மாலையில் குறைந்துவிடும்.